வாய்க்கால் கதவும் சண்டேசுரரும்: கடவுள் சொன்னதால் சரியா, சரி என்பதால் சொன்னாரா?

#1 குளக்கட்டு

வாசிப்பு வட்டத்தில் நேரம் போதாமல் நின்ற கேள்வியை இங்கே கொண்டுவருகிறேன். அறத்துக்கு அடித்தளம் கடவுள்தான் என்று சொல்வதில் என்ன சிக்கல்?

உதாரணத்தை எங்கட மண்ணிலேயே வைப்பம். இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோகம் (வறள்பருவ நெற்செய்கை). எத்தனை ஏக்கர் விதைப்பது என்று குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகும். பிறகு வாய்க்காலுக்கு வாய்க்கால் முறைத்தண்ணி (ஆளுக்கு இத்தனை மணித்தியாலம் என்று பங்கிட்டுப் பாய்ச்சுவது). ஒரு சின்ன வாய்க்காலை மட்டும் எடுங்கள் (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை). பத்துப் பேர், ஆளுக்கு 2 ஏக்கர், முறை 120 மணித்தியாலம்; ஆளுக்கு 12 வரும். வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர் சாமத்தில் வந்து கதவைத் தூக்கி 4 மணித்தியாலம் கூட எடுக்கிறார். கடைசி வயலுக்கு மிஞ்சுவது 8. பயிர் குடலைப் பருவத்திலோ (கதிர் உள்ளே உருவாகும் நேரம்) பூக்கிற நேரத்திலோ நின்றால் அந்த 4 மணித்தியாலம் பதராய்த்தான் அறுவடைக்கு வரும்.

இது பிழை என்பதில் கோயிலுக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் சண்டை இல்லை. ஏன் பிழை என்று கேட்டால்தான் மூன்று விடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். கடவுள் விலக்கியதால் அது பிழை ஆகிறது என்பது ஒன்று. பிழை என்று எங்களுக்குத் தெரிவது வேதத்தால் என்பது இன்னொன்று. மேலே ஒருவர் பார்க்கிறார் என்ற பயத்தில்தான் கதவில் வைத்த கை பின்வாங்குகிறது என்பது மூன்றாவது. அறம் எதனால் அறமாகிறது, எப்படித் தெரிகிறது, எதனால் செய்யத் தோன்றுகிறது என்று மூன்றும் வேறு வேறு கேள்விகள். இந்த இழை முதலாவதுக்கு.

#2 அளவைக்கோல்

மூன்றாகப் பிரித்தது நல்லது. உயர்தர அளவையியல் வகுப்பில் இதைக் கொடுத்தால் பத்தில் எட்டு விடை மூன்றாவதுக்கு எழுதப்பட்டு முதலாவதுக்குப் புள்ளி கேட்கும்.

கேள்வி பிளேட்டோவினுடையது, ஆனால் அதன் காட்சியை யாரும் சொல்வதில்லை. கி.மு. 399, சோக்கிரட்டீஸின் மீது வழக்கு நடக்கவிருக்கும் நேரம். நீதிமன்ற வாசலில் யூதிஃப்ரோ என்பவனைச் சந்திக்கிறார். அவன் வந்திருப்பது தன் தகப்பன் மேல் கொலைவழக்குப் போட. நக்சோஸ் தீவில் அவர்கள் காணியில் வேலை செய்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். தகப்பன் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போனவர் திரும்பி வர முதல் கட்டுண்டவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போனான். பெத்த தகப்பனையா கூண்டில் ஏற்றுகிறாய் என்று கேட்டவர்களுக்கு யூதிஃப்ரோவின் பதில்: சேயுஸ் தன் தகப்பன் குரோனொஸைக் கட்டிப்போட்டாரே, அதைச் சரியென்கிற நீங்கள் என்னைப் பிழை சொல்வீர்களா?

அங்கேதான் சோக்கிரட்டீஸ் கேட்கிறார்: தேவர்கள் விரும்புவதால் அது புனிதமா, புனிதமானது என்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா?

இந்த இரண்டு விடைகளைத்தான் கேள்வியின் இரண்டு கொம்புகள் என்பார்கள். முதல் கொம்பைப் பிடித்தால் நட்டம் இரண்டு. நாளைக்குக் கட்டளை மாறினால் தண்ணி களவெடுப்பது கடமையாகிவிடும். அதோடு, "கடவுள் நல்லவர்" என்ற வசனம் "கடவுள் தான் விரும்பியதை விரும்புகிறவர்" என்று சுருங்கி, புகழ்ச்சி வெறும் சொல்லடுக்கு ஆகிவிடும். இரண்டாம் கொம்பைப் பிடித்தால் நன்மை கடவுளுக்கு முன்னமே நிற்கிறது. அவர் அதைச் சரியாக அறிந்து சொல்கிறவர் மட்டும்.

வழமையாக இடறும் இடம்: "கடவுள் அப்படிக் கட்டளையிடவே மாட்டார்." ஏன் மாட்டார்? "அவர் நல்லவர் எண்டபடியால்." எந்த அளவுகோலில் நல்லவர்? இந்த மூன்றாம் கேள்வியில் ஆள் அறியாமலே இரண்டாம் கொம்புக்குத் தாவியிருப்பார்.

#3 மடுவீதி

கத்தோலிக்க இறையியலை "கட்டளைதான் அறம்" என்று மட்டும் வாசித்தால் அநியாயம். தோமா அக்குவினாசுக்குச் சட்டம் என்பது அறிவின் ஒழுங்கு. வெறும் விருப்பம் சட்டமாகாது. உரோமையர் 2:14-15இல் பவுல், திருச்சட்டம் இல்லாத பிற இனத்தார் அதன் கட்டளைகளை இயல்பாகவே கடைப்பிடிக்கிறார்கள், அது அவர்கள் இதயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். வாய்க்கால் கதவு விசயத்தில் விவிலியம் திறக்கத் தேவையில்லை என்பது பவுலுக்கே தெரியும்.

கொம்புகளுக்கு நடுவே போகும் வழியும் உண்டு. நன்மை கடவுளின் கட்டளையில் இல்லை, அவருக்கு வெளியேயும் இல்லை; அது அவருடைய இயல்பு. மெய்யியலாளர் றொபேட் அடம்ஸ் 1973இல் போட்ட திருத்தம்: பிழை என்பது *அன்புள்ள* கடவுளின் கட்டளைக்கு மாறானது, கொடுமைக்காகவே கொடுமை செய்யச் சொல்லும் ஒன்றுக்குக் கீழ்ப்படியும் கடமை இல்லை. இன்னொரு மெய்யியலாளர் அல்ஸ்டன் 1990இல் இன்னும் கூர்மையாக்கினார். பாரிசுக்குப் பக்கத்தில் 1889 முதல் 1960 வரை ஒரு உலோகக் கோல்தான் மீற்றரின் வரையறை. அந்தக் கோல் ஏன் ஒரு மீற்றர் என்று கேட்டால், அதற்கு மேலே ஒரு மீற்றர் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதுவேதான் அளவு. நன்மைக்குக் கடவுள் அப்படி.

#4 துருசடி

மடுவீதி அண்ணை, உங்கட கோலை எங்கட கொத்துக்கு மாத்திப் பாப்பம். கடைக்காரர் அரிசி அளக்கிற கொத்து சரியோ எண்டு பாக்க இன்னொரு கொத்து வேணும், அதுக்கு இன்னொண்டு, கடைசியில ஒரு முதல் கொத்தில நிக்கும். சரி. ஆனா முதல் கொத்தை ரெண்டு விரற்கடை பெரிசா அடிச்சிருந்தாலும் ஒருத்தருக்கும் நட்டமில்லை, எல்லாரும் அதால அளந்திட்டுப் போவினம். கடவுளின்ர இயல்பு கொஞ்சம் வேற மாதிரி, ஓரவஞ்சனை உள்ளதாய், இருந்திருந்தா அதுவும் நன்மையின்ர அளவோ?

#5 அளவைக்கோல்

துருசடி தொட்டதுதான் சரியான இடம். அளவுகோல் தெரிவு தற்செயலானது; எந்தக் கோலும் அந்த வேலையைச் செய்யும். நன்மைக்கு அது பொருந்தாது. அடம்ஸின் திருத்தத்தில் "அன்புள்ள" என்ற சொல்லைப் பாருங்கள். அதை எடுத்தால் பழைய கொம்பு. வைத்தால், கட்டளையைத் தகுதியாக்குவது அன்பு. அன்பு ஏன் நன்மை? கடவுளிடம் இருப்பதால் என்றால் வட்டம். அன்பு தன்னளவில் நன்மை என்றால் இரண்டாம் கொம்பு. கேள்வி ஒரு படி பின்னுக்குப் போனதே தவிர தீரவில்லை.

#6 மடுவீதி

எல்லா விளக்கமும் எங்கோ ஓர் இடத்தில் நிற்கத்தான் வேண்டும். நீங்கள் "அன்பு தன்னளவில் நன்மை" என்று நிற்கலாம் என்றால் நான் கடவுளில் நிற்பதில் என்ன குறை?

#7 அளவைக்கோல்

நிற்கலாம். ஆனால் அப்படி நிற்கும்போது, கடவுள் இல்லாவிட்டால் அறம் ஆட்டங்காணும் என்ற வாதத்தைக் கைவிட வேண்டிவரும். அதுதானே ஆரம்பத்தில் சொல்ல வந்தது.

#8 பாலைப்பழம்

மேற்கத்தையக் கொம்புகள் இரண்டையும் பார்த்தாயிற்று. சைவ சித்தாந்தத்தை இதற்குள் அடைக்க முன் ஒரு விசயம் கவனிக்க வேணும். இங்கே உயிர் அநாதி, மலம் (உயிரை மறைக்கும் அழுக்கு) அநாதி. இறைவன் உயிரைப் படைக்கவில்லை, வினையையும் அவர் உண்டாக்கவில்லை. வினை சடம், தானாகப் போய்ச் செய்தவனைச் சேராது. அதைச் சேர்ப்பிக்கும் வேலைதான் அவருடையது. ஒருவருக்குச் சுகம், ஒருவருக்குத் துக்கம் தருவது ஓரவஞ்சனை இல்லையா என்ற கேள்விக்குப் பிரம்மசூத்திரமும் (2.1.34) இதே விடையைத்தான் சொல்கிறது: உயிர்களின் வினையைப் பொறுத்தே தருகிறார், ஆகவே பக்கச்சார்பு இல்லை.

தண்டனையும் கருணையே. சொல்வழி வராத பிள்ளையைத் தாய்தகப்பன் வளாரால் அடிப்பதும் பரிவுதான் என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சொல்லும். மறக்கருணை என்பது அது.

அதாவது எங்கள் இறைவன் சட்டத்தைத் தன் எண்ணப்படி எழுதுகிறவர் இல்லை. வைத்தியரைப் போல. மருந்து நோயை ஏன் மாற்றுகிறது என்பது வைத்தியரின் விருப்பத்தில் இல்லை.

#9 வீரைமரம்

ஐயா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் எடுத்த அதே சித்தியாரில், சுபக்கத்து (தன் கொள்கையைச் சொல்லும் பகுதி) இரண்டாம் சூத்திரத்திலேயே, இதுவும் இருக்கிறது:

*அரனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறம தாகும்*
*பரனடிக்கு அன்பி லாதார் புண்ணியம் பாவ மாகும்*

அடுத்த இரண்டு அடியில் உதாரணமும் கொடுக்கிறார் அருணந்தி சிவாசாரியார்: தக்கன் செய்த மாபெரும் வேள்வி தீமையாயிற்று, ஒரு பாலன் செய்த பாதகம் நன்மையாயிற்று. அந்தப் பாலன் சேய்ஞலூர் விசாரசருமன். மணலில் இலிங்கம் பிடித்துப் பசுப்பால் ஆட்டிக்கொண்டிருந்தவன். பாற்குடத்தைக் காலால் இடறிய தகப்பனின் காலை, கிடந்த கோல் மழுவாக மாற, வெட்டினான். சண்டேசுர பதம் கிடைத்தது. நாங்கள் சிவன் கோயிலில் கடைசியாகப் போய்க் கையைத் தட்டி நிற்பது அவர் முன்னால்தான்.

அளவைக்கோல் சொன்ன யூதிஃப்ரோவைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேரும் தெய்வத்தின் பெயரால் தகப்பனுக்கு எதிராக எழும்பியவர்கள். யூதிஃப்ரோவிடமாவது செத்துப்போன ஒரு கூலியாளுக்கான நியாயம் இருக்கிறது. இங்கே கொட்டியது பால். சீராளனை அரிந்து கறி சமைத்த சிறுத்தொண்டரையும் சேர்த்தால், வைத்தியர் உவமை எங்கே நிற்கும்?

#10 பாலைப்பழம்

பிள்ளை, அந்தப் பாட்டை நான் மறைக்கவில்லை, அது வரவேண்டிய இடத்துக்கு வரட்டும் என்று இருந்தேன். "பாவமும்" என்பது உலகம் பாவம் என்று பார்ப்பது. அன்பு மேலிட்டுத் தன்செயல் அற்ற நிலையில் செய்தவன் வினைமுதல் (அந்தச் செயலின் கர்த்தா) இல்லை. வினைமுதல் இல்லாதவனைப் பாவம் எப்படிப் பற்றும்? இது விதியாகச் சொன்னது இல்லை. நாயன்மார் வரலாறு பின்பற்றச் சொல்லி எழுதப்பட்ட கட்டளைக் கொத்தும் இல்லை.

#11 வீரைமரம்

அப்போ தன்செயல் அற்றவன் யார் என்பதை வெட்டுப்பட்டவர் எப்படித் தெரிந்துகொள்வார்? உள்ளே என்ன நிலை என்பது வெளியே தெரியாத ஒன்று. அதையே விலக்குக்கு நிபந்தனையாக வைத்தால், ஆயுதத்தோடு வரும் எவனும் "என்செயல் ஆவது ஒன்றும் இல்லை" என்று சொல்லலாம்.

#12 முசலிவாசி

இப்ராஹீம் நபி (ஆபிரகாம்) மகனைப் பலியிடப் போன சம்பவம் இன்னும் வரவில்லை, நானே கொண்டுவருகிறேன். குர்ஆன் 37:102இல் அவர் மகனிடம் கனவைச் சொல்லிவிட்டு, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். கட்டளை வந்த பிறகும் கேட்கப்படுகிற அந்தக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் மரபில் இந்த விவாதம் பத்தாம் நூற்றாண்டளவிலேயே இரண்டு இறையியல் பள்ளிகளுக்கிடையே நடந்தது. முஃதஸிலாக்கள்: நன்மை தீமை பகுத்தறிவால் அறியக்கூடியவை, அல்லாஹ் நீதியானவன் என்றால் நீதிக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். அஷ்அரிகள்: அவன் ஏவியது நன்மை, விலக்கியது தீமை, அவனுக்கு மேலே ஒரு சட்டம் இல்லை. இலங்கையில் எங்களுக்கு வழிவழியாக வந்தது ஷாஃபிஈ மத்ஹபும் (சட்டப் பள்ளி) அஷ்அரி கொள்கையும்தான், ஆனாலும் மற்றப் பக்கத்தின் வலு தெரிந்தே வாசிக்க வேண்டும்.

முஃதஸிலாக்கள் கேட்டது: எந்த மார்க்கமும் இல்லாதவன், யாரும் பார்க்காத இடத்தில், சாகக் கிடப்பவனைக் காப்பாற்றுகிறானே, அது எதனால்? அஷ்அரி அறிஞர் கஸ்ஸாலி (1058–1111) கொடுத்த பதில் நுட்பமானது. அது மனித இனத்துக்குள்ள இயல்பான இரக்கம். தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறான், அந்த வேதனை தாங்காமல் கை நீட்டுகிறான். அதாவது இரக்கம் இருக்கிறது, கடமை என்பது வேறு. குளத்தில் தாழுகிறவனைப் பார்த்துக் குதிப்பது மனத்தின் இயல்பு. குதித்தே ஆகவேண்டும் என்பது ஷரீஆ (மார்க்கச் சட்டம்).

#13 குளக்கட்டு

கஸ்ஸாலி பிரித்த இடம் கெட்டியானது. இரக்கம் வராதவனுக்கும் கடமை உண்டு என்று சொல்ல வேண்டுமென்றால் இரக்கம் மட்டும் போதாது. ஆனால் கட்டளை போதுமா? ஆங்கில மெய்யியலாளர் கட்வேர்த்தின் வாதம் (அவர் இறந்த பிறகு, 1731இல் அச்சானது) இதற்குத்தான். கட்டளை கடமையை உண்டாக்க வேண்டுமென்றால், கட்டளையிட்டவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கடமை ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த முதல் கடமையையும் கட்டளையாலேயே உண்டாக்க முடியாது. வாய்க்காலில் வைத்துப் பாருங்கள்: கமக்காரர் அமைப்புத் தலைவர் "முறை மாறாதே" என்றால் கட்டுப்படுகிறோம், ஏனென்றால் கூட்டத்தில் ஒத்துக்கொண்டோம். "ஒத்துக்கொண்டதை மீறாதே" என்பதைத் தலைவர் உண்டாக்கவில்லை.

படைத்தவருக்கு நன்றிக்கடன் என்று சொல்லலாம். சரி, நன்றி மறவாமை நல்லது என்பதை யார் கட்டளையிட்டது?

#14 துருசடி

மூண்டாவது கேள்வியை விலக்கிவிட்டது எனக்குத் துக்கம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிக்காமல் போற வாகனம் குறைவு. இறங்கி, தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவினம். உடைக்காட்டி வழியில ஏதும் நடந்திடும் எண்ட பயம். இதை அறம் எண்டுறதோ, காப்புறுதி எண்டுறதோ? கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுறதும் அப்பிடித்தான். பட்டி மாட்டில குறி மாத்தினது ஆர் எண்டு தெரியாட்டி அம்மனைச் சாட்சிக்குக் கூப்பிடுறம். அவ சாட்சி. களவு பிழை எண்டு தீர்மானிச்சது அவவோ?

#15 அளவைக்கோல்

துருசடி சொன்ன காப்புறுதியைப் புறநானூறு 134 ஒரே சொல்லில் முடிக்கிறது. *இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.* அறவிலை வணிகன்: அறத்தை விலை பேசி விற்கிறவன். குறள் 222ம் அதே பக்கம்: மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று.

ஆனால் குறளை முழுக்க எங்கள் பக்கம் இழுக்க முடியாது. 37ஐப் பாருங்கள்: *அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.* பரிமேலழகருக்கு, பல்லக்குச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், நூல் கொண்டு நிறுவ வேண்டியதில்லை. வேறு சிலருக்கு, அவர்களைக் காட்டி "இதுதான் அறத்தின் வழி" என்று சொல்லாதே. ஒரே ஏழு சீர், இரண்டு உலகம்.

#16 வீரைமரம்

அந்தக் குறளின் முதல் வாசிப்புத்தான் எங்கள் ஊர்களில் ஆபத்தானது. முள்ளிவாய்க்காலில் போன குழந்தைக்கு "முன்வினை" என்று சொல்லக் கேட்காதவர் இங்கே இருக்க முடியாது. வினையை அறத்தின் அடித்தளமாக வைத்தால் பட்டதெல்லாம் படவேண்டியது என்றாகும். பட்டவருக்கு நியாயம் கேட்கும் வாயையும் அது கட்டிவிடும்.

#17 பாலைப்பழம்

அப்படிச் சொல்கிறவர்கள் சித்தாந்தம் படிக்காதவர்கள். பட்டவருக்கு அது பிராரத்தம் (இப்பிறப்பில் அனுபவிக்க வந்த பழைய வினை) என்றே வைத்தாலும், செய்தவனுக்கு அது புதிதாய் ஏறும் ஆகாமியம். கருவியாக இருந்தேன் என்று அவன் தப்ப முடியாது. இன்னொருவரின் சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் வினை) என்ன என்று அறியும் அறிவு எமக்கு இல்லாதபோது, அதை வைத்து ஒருவர் துன்பத்துக்குக் காரணம் சொல்வது வாய்க்கொழுப்பு. துன்பப்படுபவரைக் கண்டால் உதவு என்பதுதான் எமக்குள்ள விதி.

#18 வீரைமரம்

அந்தப் பதிலை ஏற்கிறேன். ஆனால் ஐயா, செய்தவனுக்கு ஏன் ஆகாமியம் ஏறுகிறது? அவன் செய்தது பிழை என்றபடியால். அந்தப் பிழை வினைக்கணக்குக்கு முன்னமே பிழை. கணக்குப்பிள்ளை எழுதுவதால் கடன் உண்டாவதில்லை.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறதே, அந்தக் கண்ணகியையே எடுங்கள். தெய்வமாக இருந்து நீதி சொன்னவள் இல்லை. சிலம்போடு போய் அரசனிடம் நியாயம் கேட்ட குடிமகள், கேட்டது சரி என்பதால் தெய்வமானாள். எங்கள் ஊர் தெய்வக்கதையே இரண்டாம் கொம்பில்தான் நிற்கிறது.

#19 மடுவீதி

அதே கண்ணகி மதுரையை எரித்தவள். தீக்கு அவள் கொடுத்த விலக்குப் பட்டியல்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழவி. இவர்களை விட்டுத் தீத்திறத்தார் (தீயவர்) பக்கம் சேர் என்கிறாள். பட்டியலில் இல்லாத ஒரு கூலவாணிகன் (தானிய வியாபாரி) எந்தப் பக்கம்? அவன் தீத்திறத்தான் என்று யார் விசாரித்தது? கடவுளை எடுத்துவிட்டு அறச்சீற்றத்தை அந்த இடத்தில் வைத்தாலும் கேள்வி அப்படியே இருக்கிறது.

மக்கள், தேசம், அமைப்பு, அரசியலமைப்பு என்று எதை வைத்தாலும் யூதிஃப்ரோ கேள்வி துரத்தும்: தேசம் சொன்னதால் சரியா, சரி என்பதால் தேசம் சொன்னதா? கடவுளிடம் மட்டும் இதைக் கேட்டுவிட்டு மற்றவற்றிடம் கேட்காமல் இருந்ததன் விலை வன்னிக்குத் தெரியும். மெய்யியலாளர் அன்ஸ்கம் 1958இல் சொன்னது இன்னும் உறைக்கிறது: சட்டம் கொடுப்பவரை நம்பாமல் "கடமை" என்ற சொல்லை மட்டும் வைத்திருப்பது, குற்றவியல் நீதிமன்றங்களை ஒழித்துவிட்டுக் "குற்றவாளி" என்ற சொல்லை மட்டும் பாவிப்பது போல.

#20 அளவைக்கோல்

இந்த இழையில் எங்கள் பக்கத்துக்கு விழுந்த கனமான அடி இதுதான். ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1798இல் ஆபிரகாம் சொல்லியிருக்க வேண்டிய பதிலாக ஒன்றை எழுதினார்: என் நல்ல மகனைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு நிச்சயம், தோன்றுகிற நீர் கடவுள் என்பது நிச்சயமில்லை. "கடவுள்" என்ற இடத்தில் எந்த அதிகாரத்தைப் போட்டும் அந்த வசனத்தை வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். பக்கத்துப் பன்சலையில் (பௌத்த விகாரை) சொல்லும் பஞ்சசீலத்தில் படைத்தவர் ஒருவரின் கட்டளை இல்லை, "இந்தப் பயிற்சியை மேற்கொள்கிறேன்" என்றுதான் வாசகம். ஆனால் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அந்த மதத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும்போது அங்கேயும் அதே அதிகாரக் கேள்வி வந்து குந்திவிடுகிறது.

அன்ஸ்கம் சொன்னதற்கு என்னிடம் உள்ளது பாதிப் பதில். 12 மணித்தியாலம் ஏன் நியாயம்? ஆளுக்கு 2 ஏக்கர், ஒரே பயிர், எல்லாரும் கூட்டத்தில் கை உயர்த்தியது, கடைசி வயல்காரரின் இடத்தில் நின்று பார்த்தால் எடுத்தவரே ஏற்காதது. இவை காரணங்கள். இவற்றுக்குக் "கட்டாயம்" என்ற முழுக் கனம் எங்கிருந்து ஏறுகிறது என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு.

#21 துருசடி

தடுமாற்றத்தோடயே கதவைப் பூட்டலாம்தானே சேர். காரணம் நாலும் அந்த அளவுக்குக் காணும்.

#22 பாலைப்பழம்

இறைவன் அறத்தை எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. அது #8இலேயே தெளிவு. ஆனால் வீரைமரம் பிள்ளையின் #11க்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தப் பாட்டைப் பொருள் கொள்வதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சுபக்கத்துக்கு ஆறு பேர் உரை இருக்கிறது, அதில் ஒருவர் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். இன்னோர் உரைகாரரான சிவஞான முனிவரோடு அவர் முரண்படும் இடங்கள் பல. "பாவமும் அறமதாகும்" என்ற அடிக்கு ஆறு உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதற்கு மேல் பேசுவது சரியில்லை.

#23 வீரைமரம்

சரி ஐயா. அறுவருரையில் அந்தப் பாட்டுக்கான பக்கங்களை நான் தட்டச்சுச் செய்து புது இழையாகப் போடுகிறேன். தக்கன் வேள்வி அடிக்கும் சேர்த்தே.

#24 குளக்கட்டு

புது இழை வந்ததும் இணைப்பை இதன் கீழே போட்டுவிடுங்கள். இதை அதுவரை பூட்டாமல் விடுகிறேன்.